திரும்பி வரும் துணிவு

கடலில் சிறு படகு செலுத்துவதைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் என்னைக் கேட்கலாம். கேட்பது நியாயமே. நான் மாலுமி அல்லன்; கடலோடிகளின் குடும்பத்தில் பிறந்தவனும் அல்லன். கல்லூரியில் படித்த நாளில் ஒரே ஒரு முறை, போகத் தகாத வேளையில், போகத் தகாத முறையில் படகேறிக் கடலுக்குள் போனவன். அந்த அறியாமை ஒன்றே என் தகுதி. அன்று நான் கற்ற பாடத்திற்கு வேறொருவர் விலை கொடுத்தார். ஆகவே அதை எனக்குள் பூட்டி வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. இளைஞர்களாகிய உங்களிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆடி மாதம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூர். நண்பன் ஒருவனுடைய மாமன் வீட்டிற்கு, இரண்டு நாள் விடுமுறையில், நாங்கள் நால்வர் போயிருந்தோம். மாமனுக்குச் சொந்தமான சிறு வள்ளம் ஒன்று கரையில் கிடந்தது. அவர் வெளியூர் சென்றிருந்தார். அதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

காலை எட்டு மணி இருக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கி மேல்காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் அதைக் கச்சான் என்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பாட்டிமார் சொல்ல நாங்கள் கேட்டிருந்தோம். ஆனால் எங்கள் முன்னே இருந்த கடலோ குளத்து நீர்போல் அடங்கிக் கிடந்தது. கரையில் அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. அருகே வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நாங்கள் வள்ளத்தைத் தள்ளுவதைக் கண்டு தலையை நிமிர்த்தினார்.

“இந்தக் காத்து போகச் சொல்லும் தம்பி, வரச் சொல்லாது” என்றார்.

எங்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே, “துணிந்தவனுக்குத் துக்கமில்லை, ஐயா” என்று பதில் சொன்னான். மற்ற இருவரும் அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு உள்ளூர அச்சம். போக வேண்டாம் என்று சொல்ல நா எழுந்தது. கோழை என்பார்களே என்ற நாணத்தினால் அதை விழுங்கிவிட்டு, நானும் சிரித்தேன்.

போவது மிக எளிதாக இருந்தது. துடுப்பை நீரில் வைத்தால் போதும். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. அரைமணி நேரத்தில் கரைப் பனைமரங்கள் புல்லளவு சிறுத்துவிட்டன. அப்பொழுதுதான் கடல் மாறியிருப்பதைக் கவனித்தோம். கரையோரம் இல்லாத அலை அங்கே இருந்தது. அலைகளின் தலையில் வெண்ணுரை இருந்தது. வள்ளத்தைத் திருப்பினோம். இரண்டு துடுப்புகளையும் மாற்றி மாற்றி வலித்தோம். அரைமணி நேரம் வலித்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், பனைமரங்கள் முன்னினும் சிறியனவாகத் தெரிந்தன.

ஒருவன் கரையைப் பார்ப்பதற்காக எழுந்து நின்றான். வள்ளம் சாய்ந்தது. ஓர் அலை விளிம்பைக் கடந்து உள்ளே புகுந்தது. ஒரு துடுப்பு கைநழுவிப் போயிற்று. நீரை இறைத்து ஊற்ற எங்களிடம் ஒரு சிறு பாத்திரம்கூட இல்லை; கைகளால் அள்ளினோம். எங்களுள் நன்கு நீந்தத் தெரிந்தவன், நீந்திச் சென்று ஆள் அழைத்து வருவதாகச் சொல்லிச் சட்டையைக் கழற்றினான். மற்ற மூவரும் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். அன்று நாங்கள் செய்த அறிவுள்ள செயல் அது ஒன்றுதான். அதையும் அறிவினால் செய்யவில்லை, தனித்துவிடுவோமே என்ற பயத்தினால் செய்தோம்.

நண்பகலுக்குச் சற்று முன் ஒரு பாய் தெரிந்தது. அந்த முதியவரும் அவருடைய இரண்டு மைந்தர்களும் தங்கள் வள்ளத்தில் வந்தார்கள். நாங்கள் புறப்பட்டது முதல் அவர் கடல்மேல் கண் வைத்திருந்தாராம். எங்களை ஏற்றிக்கொள்வதற்காக இரண்டு வள்ளங்களையும் அணைத்துப் பிடித்தபோது ஓர் அலை எழும்பியது. இளைய மைந்தனின் வலக்கை இரு பலகைகளுக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கியது. காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து பாய் மாற்றி நாங்கள் கரை சேர மாலையாகிவிட்டது. அந்த இளைஞனுக்குப் பின்னர் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவனுக்கு என் வயதுதான். வலை இழுத்துப் பிழைக்க வேண்டிய கை அது.

முதியவர் எங்களைத் திட்டவில்லை. கரையில் இறங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “உங்களில் பயந்தவன் ஒருத்தன்கூடவா இல்லை?”

இருந்தான். அவன் பேசவில்லை. அந்தக் கேள்வி இன்றளவும் என்னை விடவில்லை.

அன்று எங்களை ஏமாற்றியது எது என்பதைப் பிற்காலத்தில் நூல்களைப் படித்தும் கடலோடிகளைக் கேட்டும் தெரிந்துகொண்டேன். அலை என்பது காற்று கடலின் மேற்பரப்பில் வேலை செய்வதனால் பிறப்பது. அது வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், அது வீசும் நேரம், அது தடையின்றி ஓடிவரும் நீர்ப்பரப்பின் நீளம். காற்று நிலத்திலிருந்து வரும்பொழுது கரையோரத்தில் அந்த நீளம் மிகக் குறைவு. ஆகவே எவ்வளவு வலிய காற்றாயினும் கரையருகே கடல் அமைதியாகவே தோன்றும். உள்ளே போகப் போக நீளம் மிகும், அலையும் மிகும். கரையில் நிற்பவன் பார்ப்பதோ அலையின் முதுகைத்தான். வெண்ணுரை பொங்கும் அதன் முகம் மறுபுறம் இருக்கிறது. கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும் காற்று தன் சீற்றத்தை முதலிலேயே காட்டி எச்சரிக்கும். நிலத்திலிருந்து வீசும் காற்றோ சிரித்த முகத்துடன் உள்ளே அழைத்துச் செல்லும்.

காற்றைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆகையால், ‘கொஞ்சம் கூடியிருக்கிறது, சமாளிக்கலாம்’ என்று எண்ணுபவன் தவறான வாய்பாட்டைப் படித்தவன். இந்தக் காற்றை அளப்பதற்கு ஆங்கிலக் கடற்படை அதிகாரியான பிரான்சிஸ் போஃபர்ட் 1805ஆம் ஆண்டில் ஓர் அளவுமுறை வகுத்தார். அதில் பூச்சியம் என்பது அசைவற்ற அமைதி. பன்னிரண்டு என்பது சூறாவளி. கருவி இல்லாதவனும் கண்ணால் பயன்படுத்தத் தக்கதாக அந்த முறை பின்னர் வளர்ந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரிந்தால் மூன்று. அடிக்கடி தெரிந்தால் நான்கு. பெரிய அலைகள் தோன்றி எங்கும் நுரை பரவினால் ஆறு. ஆறு என்றால் காற்று மணிக்கு ஏறத்தாழ 39 முதல் 49 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று பொருள். நிலத்தில் நிற்பவனுக்கு அது குடையைப் பிடிக்கத் தொல்லை தரும் காற்று, அவ்வளவே. சிறு படகில் இருப்பவனுக்கோ அது உயிர்ப் பிரச்சினை.

படகின் இயல்பையும் சற்று ஆராய்வோம். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்கிறது. ஏனெனில் அதன் பாரம் அடியில் இருக்கிறது. படகிலும் பாரம் தாழ்ந்திருக்கும் வரையில் அது சாய்ந்தாலும் நிமிரும். ஒருவன் எழுந்து நின்றால் பாரம் மேலே ஏறுகிறது. இருவர் ஒரே பக்கம் சாய்ந்தால் விளிம்பு நீரைத் தொடுகிறது. உள்ளே நீர் புகுந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். தாம்பாளத்தில் நீரை நிரப்பிக்கொண்டு நடந்து பாருங்கள். சிறிது சாய்ந்தால் நீர் முழுவதும் தாழ்ந்த பக்கம் ஓடி, அந்தச் சாய்வை மேலும் பெருக்கும். படகினுள் புகுந்த நீர் இதையே செய்கிறது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகு கவிழ்வதற்கும், உல்லாசப் படகில் அனைவரும் ஒரு பக்கமாக எழுந்து நிற்கும்போது விபத்து நேர்வதற்கும் காரணம் இதுவே. விதியை நோவதில் பயனில்லை.

எங்கள் சாகசம் நடந்து இரண்டொரு ஆண்டுகளுக்குப் பிறகு, உலகமே கவனித்த ஒரு கடற்பந்தயச் செய்தியைப் படித்தேன். பெரிய அளவில் அது எங்கள் கதையாகவே எனக்குத் தோன்றியது. 1968ஆம் ஆண்டில் இலண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டியை அறிவித்தது. பாய்ப்படகில் தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நில்லாமல், உலகைச் சுற்றிவர வேண்டும். முதலில் திரும்புபவருக்கு ஒரு பொன்னுருண்டை; மிக விரைவாகச் சுற்றியவருக்கு 5,000 பவுன் பரிசு. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். பயணத்தை முடித்தவர் ஒருவரே.

அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய படகு ‘சுஹைலி’. 32 அடி நீளம். நம் பம்பாயில், தேக்கு மரத்தில் கட்டப்பட்ட படகு அது. கட்டும்போது உடனிருந்தவர் அவர். பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இங்கிலாந்து வரை அதை ஓட்டிச் சென்று அதன் ஒவ்வொரு மூட்டையும் அறிந்தவர். தொழிலால் வணிகக் கப்பல் அதிகாரி. வழியில் படகின் அடியில் நீர் கசிந்தபோது, அவரே கடலில் மூழ்கி அந்த இடைவெளியை அடைத்தார். பின்னர் குடிநீர் கெட்டது; வானொலிக் கருவி பழுதாயிற்று. ஒவ்வொரு முறையும் இனிப் போகலாமா, நிறுத்தலாமா என்று எடைபோட்டுப் பார்த்தே மேற்சென்றார். 1968 ஜூன் 14இல் புறப்பட்டவர் 1969 ஏப்ரல் 22இல் திரும்பினார். அவர் செய்ததும் ஆபத்தான செயல்தான். ஆயினும் அது அசட்டுத் துணிச்சல் அன்று. தன் வலிமையையும் தன் படகின் வலிமையையும் அறிந்து செய்த செயல்.

மற்றொருவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். இவரும் நம் நாட்டோடு தொடர்புள்ளவர். டில்லிக்கு அருகே காஸியாபாத்தில் பிறந்தவர். மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிலில் நொடித்துப்போயிருந்தார். போட்டி விதிப்படி புறப்படக் கடைசி நாள் 1968 அக்டோபர் 31. அந்த நாளிலேயே, முற்றுப்பெறாத படகில், அவர் புறப்பட்டார். சில வாரங்களில் நீர் கசியத் தொடங்கியது. இந்தப் படகு தென்கடலின் பெரும் அலைகளைத் தாங்காது என்பதை அவர் தெளிவாகக் கண்டார். தம் குறிப்பேட்டில் அதை எழுதியும் வைத்தார். திரும்பியிருக்கலாம். ஆனால் பயணம் பாதியில் நின்றால், பணம் கொடுத்தவரிடமிருந்து படகை அவரே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம். பத்திரிகைகளில் பெயர் வந்துவிட்டது. ஊரார் வழியனுப்பியாயிற்று. முன்னே போனால் மரணம், திரும்பினால் அவமானம். இரண்டுக்கும் நடுவே அவர் மூன்றாவது வழி ஒன்றைத் தேடினார். அட்லாண்டிக் கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றி வருவதாகப் பொய்ச் செய்தி அனுப்பினார்.

அந்தப் பொய்க்கு முதலில் பலியானது மற்றொருவரின் படகு. நைஜல் டெட்லி என்ற போட்டியாளர் உண்மையாகவே உலகைச் சுற்றி, இங்கிலாந்தை நெருங்கிக்கொண்டிருந்தார். குரோஹர்ஸ்ட் விரைந்து வருகிறார் என்ற செய்தி கேட்டு, நைந்துபோயிருந்த தம் படகை அவர் மேலும் விரட்டினார். 1969 மே மாதத்தில், அசோர் தீவுகளுக்கு அருகே அது உடைந்து மூழ்கியது. அவர் உயிர் தப்பியது ஒன்றே ஆறுதல். இனிக் குரோஹர்ஸ்ட் திரும்பினால் பரிசு அவருக்கே; ஆனால் குறிப்பேடுகளை வல்லுநர்கள் ஆராய்வார்கள். அவருடைய கடைசிக் குறிப்பு ஜூலை 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஜூலை 10ஆம் நாள் அவருடைய படகு ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்ததை ஒரு கப்பல் கண்டது. கரையில் மனைவியும் நான்கு குழந்தைகளும் காத்திருந்தார்கள். தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை நாக்ஸ்-ஜான்ஸ்டன் அந்தக் குடும்பத்திற்கே கொடுத்துவிட்டார்.

இதே போட்டியில் சே பிளைத் என்ற மூன்றாமவரையும் நீங்கள் அறிய வேண்டும். புறப்பட்ட நாளில் அவருக்குப் பாய்ப்படகு ஓட்டவே தெரியாது. நண்பர்கள் மற்றொரு படகில் முன்னே சென்று, இன்னின்ன செய் என்று காட்ட, அதைப் பார்த்துப் பார்த்துப் புறப்பட்டார். எங்களைப் போன்றவர் என்று சொல்லலாம். ஆனால் தென்னாப்பிரிக்கா வரை சென்றதும், தம் படகு அந்தக் கடலுக்கு ஏற்றதன்று என்பதை உணர்ந்து விலகிக்கொண்டார். அவர் வாழ்வு அதோடு முடிந்துவிடவில்லை. தக்க படகைக் கட்டிக்கொண்டு, 1970 அக்டோபரில் மீண்டும் புறப்பட்டார். காற்றுக்கு எதிரான மேற்குத் திசையில், எங்கும் நில்லாமல், தனியாக உலகைச் சுற்றி 292 நாட்களில் திரும்பினார். அதற்கு முன் அதை எவரும் செய்ததில்லை. திரும்பத் தெரிந்திருந்ததால்தான் அவருக்கு மறுமுறை புறப்பட வாய்ப்புக் கிடைத்தது.

கடலில் மாண்டவர் அனைவரும் அறிவில்லாதவர்கள் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அது பெரும் பாவமாகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, எச்சரிக்கை எட்டுவதற்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலர் திரும்பவில்லை. வயிற்றுப் பாட்டிற்காகக் கடலுக்குச் செல்பவரின் நிலை வேறு. விளையாட்டிற்குச் செல்லும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம்மைத் தேடி வருபவர்களோ பெரும்பாலும் அவர்களே என்பதையும் மறக்கலாகாது.

அப்படியானால் விவேகம் என்பது யாது? வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வகுத்தார். அவை அரசனுக்குச் சொன்னவை. சிறு படகில் ஏறுபவனுக்கும் அந்த மூன்று தலைப்புகளே போதும்.

வலியறிதலாவது, படகு எத்தனை பேரைத் தாங்கும், கூட வருபவர்களில் துடுப்பு வலிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டா, நீரை இறைக்கப் பாத்திரம் உண்டா, மாற்றுத் துடுப்பு உண்டா என்று கேட்பது. உள்ள வலிமையை மூன்று பங்காக்கி, ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு என்று வைத்துக்கொள்வது நல்ல கணக்கு. இயந்திரப் படகானால் எண்ணெய்க்கும் இதுவே கணக்கு.

காலமறிதலாவது, அன்றைய வானிலை அறிக்கையைக் கேட்பது. இந்திய வானிலைத் துறை 1875ஆம் ஆண்டு முதல் இப்பணியைச் செய்து வருகிறது. மீனவர்களுக்கான எச்சரிக்கை வானொலியில் ஒலிபரப்பாகிறது. துறைமுகங்களில் புயற்கூண்டு ஏற்றப்படுகிறது. அறிக்கைக்கு மேல், அந்தக் கரையில் வாழும் மூத்தவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் வள்ளத்தைக் கடலில் இறக்காத நாளில் நீங்களும் இறக்காதீர்கள்.

இடனறிதலாவது, காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது, நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது, பாறையும் திட்டும் எங்கே உள்ளன என்று அறிவது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வதும் இதில் அடங்கும். படகு கவிழ்ந்தாலும், அது மிதக்கும் வரையில் அதை விட்டு நீங்காதீர்கள். கரை எப்போதும் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தூரத்தில் இருக்கிறது. தேடி வருபவருக்கு மனிதத் தலையைவிடப் படகு எளிதில் தெரியும். 1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 பாய்ப்படகுகள் பெரும் புயலில் சிக்கின. போட்டியாளர் 15 பேர் மாண்டனர். ஆட்கள் கைவிட்டு இறங்கிய படகுகள் 24. அவற்றுள் மூழ்கியவை ஐந்தே. ஏனையவை பின்னர் மிதந்த நிலையில் மீட்கப்பட்டன.

இவை யாவும் கரையில் நிற்கும்போதே முடிவு செய்ய வேண்டியவை. நனைந்து, களைத்து, நடுங்கிக்கொண்டிருக்கும் மனிதனால் நன்றாக ஆலோசிக்க முடியாது. ‘வெண்ணுரை தெரிந்தால் திரும்புவோம், பத்து மணி அடித்தால் திரும்புவோம், ஒருவர் வேண்டாம் என்றால் அனைவரும் திரும்புவோம்’ என்று புறப்படுமுன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விதிதான் மிக முக்கியம். அது எங்களிடம் இருந்திருந்தால், அன்று நான் வாய் திறந்திருப்பேன்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறை அந்த ஊருக்குப் போனேன். முதியவர் காலமாகியிருந்தார். இளைய மைந்தர் கரையில் அமர்ந்து, மூன்று விரல் கையால் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். அப்பொழுதும் மேல்காற்றுதான். சிறுவர்கள் சிலர் ஒரு வள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். அவர் தலையை நிமிர்த்தி, தம் தந்தை சொன்ன அதே சொற்களைச் சொன்னார். சிறுவர்களில் ஒருவன் மற்றவர்களைப் பார்த்து, “வேண்டாம்டா, எனக்குப் பயமா இருக்கு” என்றான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். ஆயினும் வள்ளம் கரையிலேயே இருந்தது.

அந்தச் சிறுவனின் துணிவு எனக்கு அன்று இருந்ததில்லை.